ஒன்பதே முக்கால் கிலோ பயம்

ஆறாம் வகுப்புப் பிள்ளைகள் முப்பத்தெட்டுப் பேரின் பயத்தைப் பள்ளிக்கூடத்துக்கு எதிரே இருந்த மளிகைக்கடைத் தராசில் வைத்து நிறுத்தபோது ஒன்பதே முக்கால் கிலோ இருந்தது. பிஸ்கட் டின்னின் எடையைக் கழித்த பிறகு வந்த எடை இது. கடைக்காரர் நம்பாமல் படிக்கல்லை மாற்றி மாற்றி வைத்துப் பார்த்தார். டின்னுக்குள் இருந்தது உள்ளங்கை அகலத்தில் மடித்த முப்பத்தெட்டுக் காகிதச் சீட்டுகள் மட்டும். வெளியே எடுத்துத் தட்டில் வைத்தால் தராசு முள் அசையவில்லை. டின்னில் போட்டு மூடினால் மறுபடியும் ஒன்பதே முக்கால். "உங்க டின்னுலதான் ஏதோ கோளாறு டீச்சர்" என்று சொல்லிவிட்டு அவர் அடுத்த ஆளுக்குச் சர்க்கரை நிறுக்கப் போய்விட்டார். டின்னைக் கொண்டுவந்த ஆங்கில டீச்சர் அதை இடுப்பில் தூக்கி வைத்துக்கொண்டு வகுப்புக்குத் திரும்பினார்.

ஒன்பது வருஷத்தில் இது அவருக்கு ஐந்தாவது பள்ளி. எந்தப் பள்ளியில் ஆள் குறைந்தாலும் முதலில் தூக்குவது ஆங்கில டீச்சரைத்தான். பக்கத்து வீட்டு ஏணியை இரவல் கேட்கிற மாதிரி, இங்கே வேலை முடியும் முன்பே அடுத்த வீட்டுக்காரர் வாசலில் வந்து நிற்பார். அதிலும் மாறுதல் உத்தரவு எப்போதும் வருஷத்தின் நடுவில்தான் வரும், பிள்ளைகளின் பெயரும் முகமும் அவருக்குப் பொருந்தி வருகிற சமயத்தில். ஆனாலும் டீச்சருக்குத் தலை நிறைய யோசனைகள். மணி அடித்து முதல் பத்து நிமிஷம் அவர் காதில் ஆங்கிலம் தவிர வேறு எதுவும் விழாது. ஒரு பிள்ளை, தன் பையில் பல்லி இருக்கிறது என்று அலறினாலும் ஜன்னலைப் பார்த்துக்கொண்டு நிற்பார். தினமும் கரும்பலகையில் வேண்டுமென்றே ஒரு தப்பு வைப்பார், கண்டுபிடித்த பிள்ளை மேஜை மணியை அடிக்கலாம். தினமும் ஒரு பிள்ளை அதிகாரி. அது ஆங்கிலத்தில் என்ன உத்தரவு போடுகிறதோ, வகுப்பு அப்படியே செய்யவேண்டும். ஒரு நாள் அதிகாரி எல்லாரையும் உட்காரச் சொல்ல நினைத்து ஓடச் சொல்லிவிட, முப்பத்தேழு பிள்ளைகளும் டீச்சரும் மைதானத்தை ஒரு சுற்றுச் சுற்றி வந்தார்கள். ஆசிரியர் அறையில் இதெல்லாம் நல்ல தீனி. "பாடம் நடத்துறாங்களா, சந்தை நடத்துறாங்களா" என்று கேட்பார்கள், அவர் காதில் விழும்படியாகவே.

இவ்வளவு செய்தும் வாயே திறக்காத பிள்ளைகள் எல்லாப் பள்ளியிலும் இருந்தார்கள். எழுந்து நிற்பார்கள், உதடு அசையும், சத்தம் வராது. பிள்ளைகளுக்குச் சொற்கள் தெரியும், பயம் வந்து தொண்டையைப் பிடித்துக்கொள்கிறது என்று டீச்சர் கண்டுபிடித்திருந்தார். ஜூலை மாதம் அவர் பிஸ்கட் டின்னைக் கொண்டுவந்து மேஜையில் வைத்தார். "எந்திரிச்சுப் பேசுன்னு சொன்னதும் உங்க தொண்டையை வந்து அடைக்குதே, அது என்னன்னு ஒரே வரியில எழுதி மடிச்சு இதுல போடுங்க. நம்ம பாஷையிலயே எழுதலாம். பேர் வேண்டாம். நான் படிக்க மாட்டேன். வருஷக் கடைசியில நீங்களே எடுத்துக் கிழிச்சுப் போட்டுடலாம்" என்றார். அவர் சொன்ன சொல்லைக் காப்பாற்றினார், ஒரு சீட்டைக்கூடப் படிக்கவில்லை. அதுதான் பிறகு அவரைப் போட்டு வாட்டியது. மூன்றாம் நாள் மூடியில் ஒட்டிக்கொண்டு தானாகவே பிரிந்து வந்த ஒரு சீட்டில் எழுத்தெல்லாம் மறைந்து வெறும் தாளாக இருந்தது. டின் கனத்தது. பிள்ளைகள் பேசத் தொடங்கினார்கள். ஆகஸ்டில், அதுவரை வாயே திறக்காத ஒரு சிறுமி தலைமையாசிரியையை வழிமறித்து, அவருடைய கைக்கடிகாரம் ஏழு நிமிஷம் பின்தங்கி ஓடுவதாக ஆங்கிலத்தில் சொன்னாள். பார்த்தால் ஏழு நிமிஷம்தான்.

டீச்சருக்கு ஒரே மகள், எட்டு வயது. கணவர் குழாய் வேலை செய்பவர். எல்லா ஊரிலும் குழாய் ஒழுகும் என்பதால் எங்கே போனாலும் பிழைப்பு உண்டு, எல்லா ஊரிலும் அவருக்குக் குழாய்க்காரர் என்றே பெயர். அதிர்ந்து பேசத் தெரியாத மனிதர். மகளைத் தூக்கத்திலிருந்து எழுப்பக்கூட அவள் கட்டை விரலை மட்டும் பிடித்து ஆட்டுவார். அம்மாவுக்கு மாறுதல் வரும்போதெல்லாம் மகளும் பள்ளி மாறினாள். முதல் தடவை மாறியபோது பதினோரு நாள் பேசவில்லை. அடுத்த ஊரில் ஒரு மாதம். அதற்கடுத்த ஊரில் நாற்பது நாள் பல் கிட்டிப் போய், கரண்டியால் பால் புகட்டினார்கள். இந்த ஊரில் இரண்டு மாதம். பேச்சு திரும்பி வந்தபோது குரல் பாதியாக இளைத்திருந்தது. டாக்டர் தொண்டைக்குள் டார்ச் அடித்துப் பார்த்து, "எல்லாம் பழகிடும்" என்றார். இன்னொரு மாறுதல் வந்தால் பிள்ளை ஒரேயடியாக உள்ளே போய்விடுவாள், பிறகு கூப்பிட்டாலும் வரமாட்டாள் என்று டீச்சருக்குத் தெரிந்தது.

உத்தரவு செப்டம்பரில் ஒரு புதன்கிழமை வந்தது. வியாழக்கிழமை மதியம், வகுப்பு காலியாக இருந்தபோது, டீச்சர் மகளைக் கூட்டிவந்து முன்பெஞ்சில் உட்கார வைத்து ஒரு சீட்டைக் கொடுத்தார். "உனக்கு எதெல்லாம் பயமோ அதையெல்லாம் எழுதிடு கண்ணு."

"எல்லாத்தையுமாம்மா?"

"எல்லாத்தையும். ஒண்ணு விடாம."

மற்ற பிள்ளைகளிடம் ஒரே ஒரு வரி கேட்டவர் சொந்த மகளிடம் எல்லாவற்றையும் கேட்டார். பெற்ற மனசு அளவு பார்க்கவில்லை. மகள் இரண்டு பக்கமும் பொடி எழுத்தில் முக்கால் மணி நேரம் எழுதினாள். மடித்து டின்னில் போட்டுவிட்டு, வராந்தா முழுக்க ஒற்றைக் காலில் நொண்டிக்கொண்டே போனாள். அவள் அப்படிப் போய் டீச்சர் பார்த்ததே இல்லை, கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது.

வெள்ளிக்கிழமை பொறுப்பு ஒப்படைக்கும் நாள். வரைபடம் இரண்டு, அகராதி ஒன்று, மேஜை மணி ஒன்று எல்லாம் சரிபார்த்து வாங்கிக்கொண்ட தலைமையாசிரியை டின்னைப் பார்த்ததும் கையை எடுத்துவிட்டார். "ஸ்டாக் ரெஜிஸ்டர்ல இல்லாத பொருளை நான் எப்படி வாங்கறது டீச்சர்?" டீச்சருக்கோ, பிள்ளைகளை இங்கே விட்டுவிட்டு அவர்கள் பயத்தை வேறு ஊருக்குத் தூக்கிக்கொண்டு போக மனம் வரவில்லை. வருஷக் கடைசியில் வந்து அவரவர் கையில் கொடுத்துவிட்டு, மகளுடையதையும் எடுத்துக்கொள்ளலாம் என்று நினைத்தார். பூட்டுப் போட்டால் என்னவோ இருக்கிறது என்று யாராவது திறப்பார்கள். ஆகவே, வாத்தியார்களை நன்றாகத் தெரிந்த ஒரு வாத்தியாராக, ஒரு காரியம் செய்தார். மூடிமேல் 'காலாண்டுத் தேர்வு விடைத்தாள்கள்' என்று எழுதி ஒட்டி, அலமாரியின் அடித்தட்டில் தள்ளிவிட்டார். அந்த எழுத்தைப் பார்த்த எந்த ஆசிரியரும் கிட்டே வரமாட்டார் என்பது அவர் கணக்கு. அது சரியாகத்தான் இருந்தது. ஆறு மாதம் ஒருவர்கூடத் தொடவில்லை.

புதிய ஊர் அறுபது கிலோமீட்டர் தள்ளி. மகள் முதல் நாளே பேசினாள். இரண்டாம் நாள் பிரார்த்தனைக் கூட்டத்தில் மேடையேறி யாரும் கேட்காமலே ஒரு பாட்டுப் பாடினாள். டீச்சரும் குழாய்க்காரரும் அந்த மாதம் புதுசாகக் கல்யாணம் ஆனவர்கள் மாதிரி சிரித்துக்கொண்டிருந்தார்கள். பிறகு ஒவ்வொன்றாக வந்தது. தெருநாயின் வாய்க்குள் கையை விட்டுப் பல் எண்ணினாள். பள்ளியின் மூன்றாம் மாடிக் கைப்பிடிச் சுவரில் காலைத் தொங்கப் போட்டு உட்கார்ந்து சாப்பிட்டாள். பஸ்ஸில் முன்பின் தெரியாத ஒரு பெண் "வர்றியா?" என்று கேட்க, இறங்கி அவள் பின்னாலேயே நடந்தாள். நல்ல வேளை, கண்டக்டருக்குக் குழாய்க்காரரைத் தெரிந்திருந்தது. ஒரு ஞாயிற்றுக்கிழமை சூடான இஸ்திரிப் பெட்டியை உள்ளங்கையால் தொட்டாள். மருந்து போட்டுக் கட்டுக் கட்டினார்கள். மறுநாள் இன்னொரு கையால் தொட்டாள்.

"வலிக்கலையா உனக்கு?"

"ரொம்ப வலிக்குதும்மா."

"வலிக்கும்னு தெரிஞ்சும் ஏன்டி மறுபடியும் தொட்ட?"

"தெரியும்மா. அதனால என்ன?" என்று அவள் நிதானமாகக் கேட்டாள். சும்மா தெரிந்துகொள்ள ஆசைப்பட்டுக் கேட்ட கேள்விதான்.

அதற்குப் பிறகு அந்த வீட்டில் யாரும் நிம்மதியாக ஒரு வாய் சாப்பிடவில்லை. ஜன்னல்களுக்குக் கம்பி போட்டார்கள், தீப்பெட்டியை உத்தரத்துக்கு மேலே வைத்தார்கள், கிணறு இருக்கிற வீட்டுக்குக் குழாய் வேலைக்குப் போவதைக் குழாய்க்காரர் நிறுத்தினார், ஏனென்றால் மகளையும் கூடவே கூட்டிக்கொண்டு போகவேண்டியிருந்தது. டீச்சர் தன் மணிக்கட்டையும் மகளின் மணிக்கட்டையும் ஒரு துணி நாடாவால் கட்டிக்கொண்டு தெருவில் நடந்தார். மகளுக்கு அது விளையாட்டாக இருந்தது. பயமெல்லாம் பெற்றவர்களுக்கு வந்து சேர்ந்தது. அவள் ஐந்து நிமிஷம் கண்ணில் படாவிட்டால் குழாய்க்காரர் ஸ்பேனரைப் போட்டுவிட்டுத் தேடக் கிளம்பிவிடுவார். மார்ச் மாதம் ஒரு செவ்வாய்க்கிழமை நாடாவை அவிழ்த்துக்கொண்டு, நெடுஞ்சாலையின் நடுவே புத்தகம் படித்துக்கொண்டே போனாள். ஒரு லாரி அவளுக்கு ஒரு சாண் தூரத்தில் நின்றது. டிரைவர் இறங்கி வந்து ரோட்டிலேயே உட்கார்ந்து அழுதார். "ஏன் மாமா அழறீங்க?" என்று அவள் அவர் தோளைத் தட்டிக் கேட்டாள்.

அன்று சாயங்காலமே குழாய்க்காரர் சொன்னார், "டீச்சரம்மா, அந்தச் சீட்டை எடுத்துட்டு வந்துடு. இவ பேசாம இருந்தாக்கூடப் பரவாயில்ல. இருக்கணும்." வீட்டிலும் அவர் மனைவியை அப்படித்தான் கூப்பிடுவார்.

டீச்சர் மறுநாள் முதல் பஸ்ஸில் பழைய பள்ளிக்கு வந்தபோது அலமாரியின் அடித்தட்டு துடைத்து வைத்த மாதிரி இருந்தது. ஆய்வுக்கு அதிகாரி வருகிறார் என்று போன வாரம் சுத்தம் செய்திருக்கிறார்கள். காலம் முடிந்த விடைத்தாள்களைப் பழைய பேப்பருக்குப் போட்டுவிட வேண்டும் என்பது விதி. ஒட்டிய எழுத்தைப் பார்த்து கிளார்க் டின்னையும் சேர்த்துப் போட்டுவிட்டார். போடுவதற்கு முன் மட்டும், இவ்வளவு கனமாக என்ன இருக்கிறது என்று திறந்து ஒரு சீட்டைப் பிரித்திருக்கிறார், தலைமையாசிரியை இன்னொன்றை. பிரித்தவர் மேல் அந்தப் பயம் ஏறிக்கொண்டது. அன்றிலிருந்து கிளார்க், பெயர் சொல்லிக் கூப்பிட்டால் எழுந்திருக்க முடியாமல் மேஜையைப் பிடித்துக்கொண்டு வியர்த்தார். தலைமையாசிரியைக்கு, தான் வாயைத் திறந்தால் பின்பெஞ்சில் யாரோ சிரிப்பார்கள் என்று பயம். அவர் முதுகுக்குப் பின்னால் பெஞ்சே கிடையாது, சுவர்தான். டீச்சர் அவர் கையில் புதுச் சீட்டு ஒன்றைக் கொடுத்து அதை எழுதிப் போடச் சொன்னார். பெரியவர்களின் பயத்தைத் தாள் வாங்கிக்கொள்ளவில்லை, மை மறையாமல் அப்படியே இருந்தது.

பழைய பேப்பர்க்காரர் ஆறடி உயரம், ஊரில் அவருக்கு எதிராகப் பேச ஆள் கிடையாது. டீச்சரைப் பார்த்ததும் அவர் செய்தித்தாள் கட்டுகளுக்குப் பின்னால் போய் ஒளிந்துகொண்டார். "நான் படிச்சுட்டு வரல டீச்சர்... நாளைக்கு வந்து ஒப்பிக்கிறேன் டீச்சர்" என்று உள்ளேயிருந்து குரல் வந்தது. அவர் எட்டுச் சீட்டுகளைப் பிரித்துப் பார்த்திருந்தார். டீச்சர் தரையில் உட்கார்ந்து அவரிடம் ஒவ்வொன்றாகக் கேட்டார். தப்பாகச் சொன்னால் காதைத் திருகுவார்கள் என்ற பயம், சட்டையில் கிழிசல் இருப்பது தெரிந்துவிடும் என்ற பயம், தங்கை தன்னைவிட நன்றாகப் படித்துவிடுவாள் என்ற பயம். எட்டிலும் மகளுடையது இல்லை. கிளார்க்கிடமும் தலைமையாசிரியையிடமும் இல்லை. மீதியில் பாதிக்கு மேல், டின்னைக் கவிழ்த்த அன்று காற்றில் பறந்துவிட்டன. அந்த வாரம் பள்ளி இருந்த இந்த ஊரில் ஒரு போலீஸ்காரர் கூட்டல் கணக்கைப் பார்த்து ஓடியதும், பேருந்து நிலையத்தில் ஒரு பெரியவர் முதல் வரிசையில் உட்காரமாட்டேன் என்று அடம்பிடித்ததும் அதனால்தான். மிஞ்சியது பதினோரு சீட்டு. எல்லாம் ஒரே அளவு, ஒரே மடிப்பு, எழுத்து மறைந்த வெறும் தாள். டீச்சர் டின்னை மடியில் வைத்துக்கொண்டு பஸ்ஸில் வீடு திரும்பினார். அறுபது கிலோமீட்டரும் அந்தக் கனம் தொடையை அழுத்தியது.

குழாய்க்காரர் வெளியூர் வேலைக்குப் போயிருந்தார், டீச்சர்தான் மகளை உட்காரவைத்து விஷயத்தைச் சொன்னார். இதில் ஒன்று உன்னுடையதாக இருக்கலாம், இல்லாமலும் இருக்கலாம், வேறு யாருடைய பயமாவது உனக்கு வந்துவிடலாம் என்றார் டீச்சர். மகள் பண்டம் எடுப்பது போல டின்னுக்குள் கையை விட்டு ஒன்றை எடுத்துப் பிரித்தாள். ஒரு நிமிஷம் ஒன்றும் நடக்கவில்லை. பிறகு அவள் தோள் இரண்டும் மெல்ல மேலே ஏறி, கழுத்து உள்ளே போனது. "இன்னொண்ணு எடும்மா" என்றார் டீச்சர். "வேண்டாம்மா" என்று சொல்லி மகள் பின்னால் நகர்ந்தாள், சுவரில் முதுகு முட்டும்வரை. ஆறு மாதத்துக்குப் பிறகு அவள் வாயிலிருந்து வந்த முதல் வேண்டாம் அது. டீச்சர் அவளைக் கட்டிக்கொண்டு அழுதார். மறுநாள் காலை மகள் சாலை ஓரத்தில் தானாகவே நின்றாள். அம்மாவின் கையைத் தேடிப் பிடித்தாள். உள்ளங்கை ஈரமாக இருந்தது. ஒரு பயம் உள்ளே வந்தது மற்றவற்றுக்கும் கதவு திறந்துவிட்ட மாதிரி ஆகி, அந்த வாரத்திலேயே நாயும் நெருப்பும் உயரமும் அவளுக்குத் திரும்பி வந்தன. பேச்சு மட்டும் போகவில்லை.

சீட்டில் வந்தது எந்தப் பயம் என்பது அந்த மறுநாள் சாயங்காலமே தெரிந்துவிட்டது. வெளியூர் வேலைக்குப் போயிருந்த குழாய்க்காரர் திரும்பி, மகளுக்கு பென்சில் டப்பா ஒன்றை வாங்கிக்கொண்டு படியேறி வந்தார். படியில் அவர் செருப்புச் சத்தம் கேட்டதும் மகள் கட்டிலுக்கடியில் போய்விட்டாள். காதைப் பொத்திக்கொண்டு, மூச்சு வெளியே கேட்காதபடி வாயையும் முழங்காலில் புதைத்துக்கொண்டிருந்தாள். டீச்சர் குனிந்து பார்த்தார்.

"என்னம்மா ஆச்சு?"

"அப்பா வர்றாரு."

"நம்ம அப்பாதானே கண்ணு?"

"வந்ததும் பெல்ட்டை அவுப்பாரு."

"நம்ம அப்பா பெல்ட்டே போட மாட்டாரேம்மா."

"தெரியும்மா" என்றாள் மகள். பல் தந்தியடித்தது. "தெரியும். ஆனா அவுப்பாரு."

குழாய்க்காரர் வாசலில் பென்சில் டப்பாவோடு அப்படியே நின்றார். வாழ்நாளில் யார்மேலும் கை ஓங்காத மனிதர், சொந்த வீட்டுக்குள் வரத் தெரியாமல் நின்றார். டீச்சர் ஓடிப்போய் ஒரு சீட்டும் பேனாவும் எடுத்துவந்தார். சின்னப் பிள்ளைதான், தாள் வாங்கிக்கொள்ளும், இந்த ஒன்றை மட்டும் எழுதித் திரும்பப் போட்டுவிடலாம் என்றார். குழாய்க்காரர் அந்தப் பேனாவை வாங்கித் தன் சட்டைப் பையில் வைத்துக்கொண்டார். "இதைப் பிடிச்சுக்கிட்டுதான் மத்ததெல்லாம் உள்ள வருது. இதை உருவினா அதுவும் போயிடும். இன்னைக்குக் காலையில அவ ரோட்டோரம் நின்னாளா இல்லையா? எனக்கு அது போதும் டீச்சரம்மா" என்றார். சொல்லிவிட்டுப் படியிறங்கித் தெருமுனைவரை போய், அங்கே செருப்பைக் கழற்றிப் போட்டுவிட்டு, வெறுங்காலோடு சத்தமில்லாமல் திரும்பி வந்தார். ஒரு மணி நேரம் கழித்து மகள் கட்டிலுக்கடியிலிருந்து வெளியே வந்து பென்சில் டப்பாவை எடுத்துக்கொண்டாள்.

டீச்சர் அடுத்த வாரம் மறுபடியும் பழைய பள்ளிக்கு வந்தார். ஆறாம் வகுப்பு எழுந்து நின்று ஆங்கிலத்தில் வணக்கம் சொன்னது, ஒரு குரல்கூடத் தடுமாறவில்லை. முப்பத்தெட்டு முகங்களையும் ஒவ்வொன்றாகப் பார்த்தார். கழுத்தைப் பார்த்தார், முழங்கையைப் பார்த்தார், வெயில் காலத்தில் முழுக்கைச் சட்டை போட்டிருந்த நான்கு பேரைப் பார்த்தார். இந்த முப்பத்தெட்டில் ஒன்று, ஆங்கிலம் பேச எழுந்து நிற்கும்போது தொண்டையில் என்ன அடைக்கிறது என்று கேட்டதற்கு, அப்பாவின் செருப்புச் சத்தம் என்று எழுதிக் கொடுத்திருக்கிறது. வாங்கி டின்னில் போட்டு, எடை போட்டு, அலமாரியில் வைத்தவர் அவர். அந்தப் பிள்ளை இப்போது அந்தச் சத்தத்துக்கு ஒளிந்துகொள்ளாது, கட்டிலில் உட்கார்ந்தபடி கதவைப் பார்த்துக்கொண்டிருக்கும் என்பது அவருக்கு உறைத்தது. நான்கு வீட்டுக்கும் போனார். நான்கு அப்பாக்களும் மரியாதையாக நாற்காலி போட்டார்கள். திரும்பவும் வகுப்புக்கு வந்து நேராகவே கேட்டார். முப்பத்தெட்டுப் பேரும் அவரைப் பார்த்துச் சிரித்தார்கள். யார் என்று இந்த ஊருக்கு இன்றுவரை தெரியாது.

அதன் பிறகு டீச்சருக்கு நான்கு மாறுதல்கள் வந்தன. எந்தப் பள்ளியிலும் அவர் சீட்டு வாங்கவில்லை. ஒவ்வொரு பிள்ளையாக வராந்தாவுக்குக் கூட்டிப்போய்க் காதைக் கொடுத்துக் கேட்டார். பாடம் முடியவில்லை என்று எல்லா இடத்திலும் அவர்மேல் புகார் உண்டு. குழாய்க்காரர் ஒவ்வொரு ஊரிலும் தெருமுனைக் கடைக்காரரிடம் சொல்லிச் செருப்பு விட ஓர் இடம் பிடித்துக்கொள்வார். முதல் வாரம் ஏன் என்று கேட்பார்கள், அவரும் சொல்லிவிடுவார், பிறகு யாரும் கேட்கமாட்டார்கள். இப்போது இருக்கும் ஊரில் கடைக்காரர் அதற்கென்றே ஒரு பலகை அடித்துக் கொடுத்தார். வெயிலில் தார் உருகும் மாதங்களில் குழாய்க்காரர் கொஞ்சம் வேகமாக நடப்பார், அவ்வளவுதான். மகள் வளர்ந்தாள், படித்தாள், சாலையை இரண்டு பக்கமும் பார்த்துக் கடந்தாள். போன வருஷம் வேலை கிடைத்து வேறு ஊருக்குப் போய்விட்டாள். வீட்டில் இப்போது டீச்சர் மட்டும்தான் இருக்கிறார். குழாய்க்காரர் இன்றும் சாயங்காலம் தெருமுனையில் செருப்பைக் கழற்றிப் பலகையில் வைத்துவிட்டுத்தான் வீட்டுக்கு வருகிறார்.